ஏழாவது கால்

வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. ஆனாலும் முள் இறங்கியது.

பின்கட்டு அறையில், வரிசையாக வைத்த பேட்டரிகளுக்கு மேலே சுவரில் மாட்டியிருந்த அம்மீட்டரைப் பத்ரிநாராயணன் முறைத்துக்கொண்டு நின்றான். மணி பன்னிரண்டேகால். சித்திரை வெயிலில் மந்தைவெளித் தெருக்களில் தார் இளகிக் கிடந்தது. கொல்லையில் அவன் தன் கையாலேயே நட்டு, முடுக்கி, நிமிர்த்திய இருபத்துநாலு சோலார் பேனலும் தெற்கே பார்த்துச் சாய்ந்து அந்த வெயிலை வாங்கிக்கொண்டிருந்தன. இந்த நேரத்தில் முள் நாற்பதில் ஆணி அடித்தாற்போல நிற்க வேண்டும். அதுவோ நாற்பதிலிருந்து சாவகாசமாக முப்பத்தைந்துக்கு இறங்கியது. அங்கே ஒரு கணம் தங்கியது. பிறகு அதே சாவகாசத்தோடு நாற்பதுக்கு ஏறியது.

மறுபடி இறங்கியது. தங்கியது. ஏறியது.

லூஸ் கனெக்‌ஷன் என்றால் முள் துள்ளும். இப்படி நிதானமாகப் போய் வராது. பேட்டரி நிரம்பினால் இறங்கும். இறங்கினது இறங்கினதுதான், திரும்ப ஏறாது. பத்ரி இருபது வருஷமாக ஓர் அரசாங்க ஆபீசின் மின்சாரப் பிரிவில் மீட்டர்களோடு குடித்தனம் செய்கிறவன். மீட்டர் பொய் சொல்லாது, மனிதர்கள்தான் சொல்வார்கள் என்பது அவன் கட்சி. கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினான். நிமிடத்துக்குப் பதினெட்டு தடவை.

பதினெட்டு என்ற எண் அவனுக்கு நன்றாகப் பழக்கமான எண். ஆனால் அப்போது அவன் ஒயர்களைப் பற்றி மட்டும்தான் யோசித்தான்.

ஸ்பானரை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு வந்ததும் மதில் சுவருக்கு அந்தப்பக்கம் பக்கத்து வீட்டுக் கஸ்தூரிரங்கனின் வழுக்கைத் தலை எழும்பியது.

"ஓய் பத்ரி! உம்ம கண்ணாடி வெளிச்சம் எங்காத்துப் பெருமாள் மூஞ்சிலயே அடிக்கறது. பூஜை ரூமுக்குத் திரை கட்டிண்டு சேவிக்க வேண்டியிருக்கு."

"பெருமாளைக் கொஞ்சம் திரும்பி உக்காரச் சொல்லுங்கோ."

"கிணறு வெட்டப் பூதம் கிளம்பித்துன்னு கேள்விப்பட்டிருக்கேன். நீர் கிணத்தை அடைச்சுன்னா பூதத்தைக் கிளப்பிண்டிருக்கீர்!"

தலை மறைந்தது. பத்ரி பல்லைக் கடித்துக்கொண்டு பேனல்களுக்கு அடியில் குனிந்து போனான். ஒவ்வொரு முடிச்சாகத் தொட்டுப் பார்த்தான். எல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தன. எழுந்திருக்கும்போது பிடிமானத்துக்கு ஒரு காலைப் பிடித்தவன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். மற்ற பதினோரு இரும்புக் கால்களும் தொட முடியாமல் கொதித்தன. நடுவில் நின்ற ஏழாவது கால் மட்டும் ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்ததுபோலச் சில்லென்று இருந்தது.

இந்தக் கூத்தெல்லாம் ஆரம்பித்தது போன வருஷம், தொண்ணூற்றாறு ஜூன் மழையில். அவனுடைய ஒரே பெண் ஹம்சினிக்கு அப்போது எட்டு வயது. மூன்று வயதிலிருந்தே இளைப்பு. டாக்டர் அவனுக்கு ஒரு கணக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்: நெஞ்சைப் பார்த்து ஒரு நிமிஷம் எண்ண வேண்டும். பதினெட்டு, இருபது என்றால் நிம்மதி. முப்பதைத் தாண்டினால் நெபுலைசரைப் போட வேண்டும். நாற்பதைத் தாண்டினால் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். மற்ற அப்பாக்கள் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த வயதில் இவன் அவள் நெஞ்சைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தான்.

அந்த மழையில் மூன்று நாள் கரண்ட் இல்லை. இன்வெர்ட்டர் பேட்டரி முதல் நாள் ராத்திரியே மண்டையைப் போட்டது. நெபுலைசர் நின்றது. ஐம்பத்திரண்டு வரைக்கும் எண்ணினான். அதற்குமேல் எண்ண முடியவில்லை. முழங்கால் தண்ணீரில் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நர்சிங் ஹோமுக்கு நடந்தபோது அவள் உதடு நாவல்பழமாகக் கறுத்திருந்தது. பிழைத்தாள். வீடு திரும்பியதும் அவன் மனைவி விசாலாக்ஷி ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

"ஊருக்கெல்லாம் கரண்ட் பாத்துக்கறேள். ஆத்துக் கொழந்தைக்கு மூச்சு விடக் கரண்ட் இல்லை."

அதற்குப் பதிலாகத்தான் இந்த இருபத்துநாலு பேனல். ரெண்டு பேனல் போதாதா என்று கேட்டவர்களை அவன் மனிதராகவே மதிக்கவில்லை. மழை மேகத்திலும் கரண்ட் வர வேண்டுமென்றால் பத்து மடங்கு வேண்டும். ரிச்சி தெருவில் அப்துல் வஹீத் என்ற வியாபாரி, மலைமேல் டெலிபோன் கோபுரங்களிலிருந்து கழற்றிய பழைய பேனல்களை எடைக்கு விற்றார். மொட்டை மாடியில் வைக்க வழியில்லை. வீடு பழைய மெட்ராஸ் டெரஸ், உத்தரத்தில் கரையான். அதனால் தரையிலேயே நாலு நாலாக மூன்று வரிசைக் கால் நட்டு, மேலே இரும்புச் சட்டம் போட்டு, அதன்மேல் பேனல். நிழல் விழுகிறதென்று மூன்று தென்னையை வெட்டித் தள்ளினான். விசாலாக்ஷி நாலு நாள் அவனோடு பேசவில்லை.

எல்லாம் அளந்து சுண்ணாம்பால் குறி போட்டபோதுதான் ஏழாவது கால் வர வேண்டிய இடத்தில் அந்தக் குழாய் நின்றது.

அது கிணற்றின் குழாய். தொண்ணூற்று மூன்றில் கிணறு வற்றிப் போர்வெல் போட்டபோது பத்ரியின் அப்பா கிணற்றைத் தூர்த்தார். அடியிலிருந்து மேல்வரைக்கும் ஒரு வார்ப்பிரும்புக் குழாயை நிறுத்திவிட்டு, அதைச் சுற்றித்தான் கல்லும் மண்ணும் கொட்டினார். குழாயின் வாய் மட்டும் தரைக்குமேல் ஒரு முழம் நீட்டிக்கொண்டிருந்தது. கிணற்றை முழுக்க மூடக்கூடாது, அது மூச்சு விட ஒரு வழி இருக்க வேண்டும் என்பது ஊர் வழக்கம். அடுத்த வருஷம் அவரும் போய்ச் சேர்ந்தார். குழாயின் வாயில் காதை வைத்தால் மெல்லிய சத்தம் வரும். பகலில் உள்ளே இழுக்கும். சாயங்காலமானால் வெளியே விடும். காற்றழுத்தம் என்று பத்ரி விசாலாக்ஷிக்குப் படம் போட்டு விளக்கியிருக்கிறான்.

கிணறு திறந்திருந்த காலத்தில் ஹம்சினியை இடுப்பில் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்க வைப்பான். கீழே, ஆழத்தில், ஒரு ரூபாய்க் காசு அளவு வானம் தெரியும். அதில் எட்டிப் பார்க்கும் இரண்டு கறுப்புத் தலைகள். குழந்தை தன் பெயரைச் சொல்லிக் கத்துவாள். கிணறு கொஞ்சம் யோசித்துவிட்டு, "சினி... னி..." என்று திருப்பிச் சொல்லும். அவளுக்குச் சிரிப்புத் தாங்காது.

குறியை ரெண்டடி தள்ளிப் போட்டிருக்கலாம். போட்டால் சட்டம் முழுவதையும் மறுபடி வெட்டி ஒட்ட வேண்டும். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவன் பத்ரி. ஏற்கெனவே நாற்பதடி ஆழத்துக்கு இறங்கி நிற்கிற குழாயைவிட உறுதியான அஸ்திவாரம் எவனுக்குக் கிடைக்கும்? குழாய்க்குள் இரும்புக் காலை இறக்கிச் சுற்றிலும் கான்கிரீட் ஊற்றினால் முடிந்தது.

கொத்தனார் பொன்னுரங்கம் கரணையைக் கீழே வைத்துவிட்டான். நொச்சிக்குப்பத்துக்காரன், கடலுக்குப் போகாத நாளில் இந்த வேலை.

"சார், அது கெணத்தோட மூச்சுக் கொயா. அத்த அடைக்கக் கூடாது."

"இரும்புக் குழாய்ப்பா அது. மூச்சு விட அதுக்கு நுரையீரல் இருக்கா?"

"நீ படிச்சவன், நாக்குல பதில் வெச்சிகினு கீற. நா கை வெக்க மாட்டேன். ஒரு மூச்ச அடைச்சா அது சும்மா நிக்காது சார். வேற வாய் தேடிக்கினு போவும்."

"அப்ப நீயும் வேற வேலை தேடிண்டு போ."

பொன்னுரங்கம் கையைக்கூடக் கழுவாமல் போய்விட்டான். கூடத்து ஜன்னலில் நின்றிருந்த விசாலாக்ஷி, "மாமனார் ஏன் குழாய் வச்சார்னு ஒரு நாளாவது கேட்டேளா?" என்றாள். பத்ரி காதில் போட்டுக்கொள்ளவில்லை. சாக்குத் துணியைச் சுருட்டி உள்ளே திணித்து, காலை இறக்கி, தானே கலவை போட்டு ஊற்றினான். கணக்குப்படி நாலு சட்டி. பதினோரு சட்டி குடித்தது. கடைசிச் சட்டி விழும்போது உள்ளே ஏதோ ஒன்று நீளமாகக் காற்றை இழுத்தது. இழுத்து, அப்படியே நிறுத்திக்கொண்டது. வெளியே விடவேயில்லை.

அது மாசி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. அன்று சாயங்காலத்திலிருந்து ஹம்சினிக்கு இளைப்பு இல்லை.

ஒரு நாள், ரெண்டு நாள் என்று பார்த்தார்கள். ஒரு வாரம். ஒரு மாதம். நெபுலைசரின்மேல் தூசி படிந்தது. ஐந்து வருஷமாகக் குழந்தையின் நெஞ்சில் கீச்சிட்டுக்கொண்டிருந்த சத்தம் துடைத்தாற்போலப் போயே போய்விட்டது. விசாலாக்ஷி கேசவப் பெருமாளுக்கு நெய் விளக்குப் போட்டாள். பத்ரி, பெருமாளுக்கும் பேனலுக்கும் ஆளுக்குப் பாதி என்று கிண்டல் செய்தான். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அந்த இரண்டு மாதந்தான் அவர்கள் இருவரும் உரக்கச் சிரித்தது.

முள் ஆட ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

முள்ளைப் பார்த்த மூன்றாம் நாள் சாயங்காலம், கூடத்தில் விசாலாக்ஷி ஹம்சினிக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். சுருதிப் பெட்டி இரைந்துகொண்டிருந்தது. இளைப்புக்காரக் குழந்தைக்கு ஸட்ஜத்தை நாலு வினாடி சேர்ந்தாற்போலப் பிடிப்பதே கஷ்டம். அன்றைக்குப் பிடித்தாள். பத்ரி பேப்பர் படித்துக்கொண்டே கேட்டான். நல்ல கனமான ஸட்ஜம். ஆடவில்லை, தேயவில்லை. ஒரு பத்தி படித்து முடித்தான். ஸட்ஜம் நின்றது. அடுத்த பத்தி. ஸட்ஜம் அப்படியே நின்றது. பக்கத்தைத் திருப்பும்போதுதான் அவனுக்கு உறைத்தது, நடுவில் அவள் மூச்சே எடுக்கவில்லை.

நிமிர்ந்தான். விசாலாக்ஷியின் கை சுருதிப் பெட்டியின்மேல் அசையாமல் இருந்தது. பெட்டியை அவள் எப்போதோ நிறுத்தியிருந்தாள். இரைச்சல் முழுவதும் குழந்தையின் வாயிலிருந்து வந்துகொண்டிருந்தது.

"போதும்டி," என்றாள் விசாலாக்ஷி. "போதும்."

ஹம்சினி வாயை மூடினாள். முகத்தில் சிரமமே இல்லை. "நன்னாப் பாடினேனாம்மா?" என்று கேட்டாள்.

அன்று இரவு பத்ரி தூங்கவில்லை. விடிந்ததும் ஆபீசுக்கு லீவு சொன்னான். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஹம்சினி கட்டிலில் கண்ணயர்ந்ததும், பக்கத்தில் உட்கார்ந்து, பழைய வழக்கப்படி, நெஞ்சைப் பார்த்து எண்ணினான். நிமிடத்துக்குப் பத்து. கடிகாரத்தைக் காதில் வைத்து ஓடுகிறதா என்று பார்த்தான். மறுபடி எண்ணினான். பத்து.

எழுந்து பின்கட்டு அறைக்குப் போனான். முள்ளை எண்ணினான். அங்கேயும் பத்து.

பதினெட்டு எங்கே பழக்கம் என்று இப்போது அவனுக்குத் தெரிந்துவிட்டது. அறைவாசலில் ஒரு காலும் உள்ளே ஒரு காலுமாக நின்று, முள் இறங்கும்போது கட்டிலைத் திரும்பிப் பார்த்தான். குழந்தையின் நெஞ்சு உயர்ந்தது. முள் ஏறியது. நெஞ்சு தாழ்ந்தது. அவள் மூச்சு இழுக்கிற ஒவ்வொரு தடவையும் கொல்லையில் இருபத்துநாலு பேனலின்மேலும் விழுகிற வெயில் ஒரு பிடி குறைந்தது.

தற்செயல் என்று சொல்லிக்கொண்டான். அடுத்த நாள் எட்டு. அதற்கடுத்த நாள் ஏழு. இங்கேயும் அங்கேயும்.

கத்தரி வெயில் தொடங்கிய அன்று மத்தியானம் கட்டிலில் ஹம்சினி இல்லை. குளியலறையில் இல்லை. தெருவில் இல்லை. கொல்லைக் கதவு திறந்து கிடந்தது.

வெயிலில் கண் கூசியது. காக்கை கத்தவில்லை, தெருவில் ஒரு ஆட்டோ ஓடவில்லை. பேனல்களுக்கு அடியில் நிழல் தார் ஊற்றியமாதிரி அடர்ந்து கிடந்தது. உச்சி வேளையில் அவ்வளவு கறுப்பாக நிழல் விழ நியாயமே இல்லை. குனிந்து உள்ளே போனதும் வாசனை வந்து முகத்தில் அறைந்தது. பாசி. ஈரச் செங்கல். துருப்பிடித்த ராட்டினம். அவன் சின்ன வயதில் வாளியை இறக்கிவிட்டுக் குனிந்து நின்றபோதெல்லாம் மேலே ஏறி வந்த அதே வாசனை. நாலு வருஷமாக ஈரமே காணாத மண் காலடியில் சொதசொதத்தது.

ஏழாவது காலைக் கட்டிக்கொண்டு ஹம்சினி உட்கார்ந்திருந்தாள். கன்னத்தை இரும்பில் பதித்திருந்தாள். வாய் திறந்திருந்தது.

"இங்கே என்னடி பண்றே?"

"சும்மாதாம்ப்பா. ஜில்லுனு இருக்கு." மெதுவாகத் திரும்பினாள். "இது பாவம்ப்பா. இதுக்கு மூச்சு முட்டறது. நான் கொஞ்சம் கடன் குடுத்திருக்கேன்."

"எதுக்குக் குடுத்திருக்கே? யார்ட்டப் பேசறே?"

பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அவள் மூச்சு அவன் முகத்தில் பட்டது. அதில் சாப்பிட்ட ரசஞ்சாதத்தின் வாசனை இல்லை. பாசியும் ஈரச் செங்கலும் இருந்தன. அவளை வாரித் தூக்கிக்கொண்டு வெளியே ஓடி வந்தான். ஒன்பது வயதுக் குழந்தை. நிறைகுடமாகக் கனத்தாள்.

அன்று சாயங்காலம் பத்ரி நொச்சிக்குப்பத்துக்குப் போனான். மீன் விற்கிறவர்களைத் தாண்டி, படகுகளைத் தாண்டி, கேட்டுக் கேட்டுப் பொன்னுரங்கத்தின் வீட்டைக் கண்டுபிடித்தான். பொன்னுரங்கம் வாசலில் வலையைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். உட்காரச் சொல்லவில்லை.

"இன்னா, அடைச்சிட்டியா?"

"அடைச்சுட்டேன்."

"எத்தினி நாளு ஆவுது?"

"ரெண்டரை மாசம்."

"வூட்ல ஆருக்காச்சும் நெஞ்சு எளப்பு கீதா?"

"பொண்ணுக்கு இருந்தது. இப்ப இல்லை. அன்னிலேருந்து இல்லை."

பொன்னுரங்கத்தின் கையில் வலை நின்றது. உள்ளேயிருந்து அவன் மனைவி வேலம்மா எட்டிப் பார்த்தாள். "கொயந்தைய இங்க இட்டாந்துகீறானா?" என்று புருஷனிடம் கேட்டாள். இல்லை என்றதும்தான் மூச்சு விட்டாள். பொன்னுரங்கம் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

பத்ரி கதவைத் தட்டினான். தட்டினான். "என்ன பண்ணணும்னாவது சொல்லித் தொலைய்யா!"

கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "போய்த் தொற. மூச்சு இன்னும் அங்கயே கீதுன்னா, தொறந்தா சரியாப் பூடும்."

"அங்கே இல்லைன்னா?"

உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம் மட்டும் கேட்டது.

மறுநாள் காலையில் எண்ணியபோது நாலு. நிமிடத்துக்கு நாலு மூச்சு. ஹம்சினி ஊஞ்சலில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். காய்ச்சல் இல்லை, வலி இல்லை, எதுவும் இல்லை. டாக்டர் இதைப் பார்த்தால் என்ன சொல்வார் என்று யோசித்து, எதுவும் சொல்ல மாட்டார், ஓடுவார் என்று முடிவு செய்தான். கடப்பாரையையும் சம்மட்டியையும் எடுத்தான்.

விசாலாக்ஷி கொல்லைக் கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

"அதைத் தொடாதேங்கோ."

"வழிய விடு."

"அஞ்சு வருஷம் ராத்திரி ராத்திரியா நான் அவ நெஞ்சைத் தடவிண்டு உக்காந்திருந்தேன். இப்பதான் கொழந்தை நன்னாத் தூங்கறா. பெருமாளோ பிசாசோ, எது குடுத்திருந்தாலும் சரி. அதைப் பிடுங்காதேங்கோ."

"நாலுடி. நாலு! எண்ணிப் பாத்தியா நீ?"

"எண்ணி எண்ணித்தானே இந்தக் கதிக்கு வந்திருக்கு!"

அவளைத் தள்ளிவிட்டுப் போனான். அவள் ஹம்சினியை இழுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

முதலில் ஏழாவது காலின் தலையில் போல்ட்டுகளைக் கழற்றினான். பிறகு அடியில் உளியை வைத்து அடித்தான். கான்கிரீட் பெயரவில்லை. மறுபடி அடித்தான். ஒரு சில்லு தெறித்தது. வீட்டுக்குள்ளிருந்து ஒரு இருமல். அடித்தான். இருமல். அடித்தான். விசாலாக்ஷி எதையோ கத்தினாள். அவன் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி தைரியம் வராது என்று அவனுக்குத் தெரியும். வியர்வை கண்ணில் இறங்கியது. நிழல் சில்லிட்டது. மேலே பேனல்கள் ஒரு தடவை இருண்டு, வெகு நேரம் கழித்து, வெளுத்தன. பன்னிரண்டு மணி ஆகியிருந்தது.

கடப்பாரையை நெம்பினான்.

கால் அசைந்தது.

தானாகக் கீழே இறங்கியது. ஒரு விரல். ஒரு சாண். அப்புறம் மொத்தமாக, வழுக்கிக்கொண்டு, குழாய்க்குள் போய்விட்டது. அவன் காத்திருந்தான். நாற்பதடி. விழுகிற சத்தம் வர வேண்டும்.

வரவில்லை.

குழாயின் வாய் திறந்திருந்தது. உள்ளங்கையை அதன்மேல் வைத்தான். இழுக்கவில்லை. விடவுமில்லை. காதை வைத்தான். ஒன்றுமில்லை. வாசனைகூட இல்லை, காய்ந்த துரு மட்டும். வெறும் இரும்புக் குழாய். அவன் அன்றைக்குப் பொன்னுரங்கத்திடம் சொன்னானே, அதேதான்.

பின்கட்டு அறைக்கு ஓடினான்.

முள் நாற்பதில் நின்றது. பார்த்தான். நின்றது. ஆணி அடித்தாற்போல. கடிகாரத்தில் ஒரு நிமிடம் முழுதும் ஓடியது. முள் இறங்கவேயில்லை.

வீட்டுக்குள் சத்தமே இல்லை.

உள்ளறைக் கதவு திறந்திருந்தது. விசாலாக்ஷி சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். இரண்டு கையாலும் காதைப் பொத்தியிருந்தாள். கட்டிலில் ஹம்சினி மல்லாந்து படுத்திருந்தாள். கண் திறந்திருந்தது, இமைத்தது, அப்பாவைப் பார்த்தது. நெஞ்சு அசையவில்லை. வாய் திறந்திருந்தது. வட்டமாக.

"பேர் சொல்லிக் கூப்பிடாதேங்கோ," என்றாள் விசாலாக்ஷி. "கூப்பிடாதேங்கோன்னா."

அவன் மண்டியிட்டுக் குழந்தையின் நெஞ்சில் காதை வைத்தான். உடம்பு சில்லென்று இருந்தது. துடிப்பு இல்லை. வேறு சத்தம் கேட்டது. ராட்டினம் கிறீச்சிட்டது. கயிறு ஓடியது. ஓடிக்கொண்டேயிருந்தது. பிறகு, ரொம்பக் கீழே, ஒரு வாளி தண்ணீரில் மோதியது.

"ஹம்சினி!"

கூப்பிட்டுவிட்டான். அப்பாவுக்கு வேறென்ன தெரியும்.

குழந்தையின் உதடு அசையவில்லை. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அந்தத் திறந்த வாயிலிருந்து அவனுடைய குரலே, அவனுடைய பயத்தோடேயே, மெதுவாக ஏறி வந்தது.

"ம்சினி... சினி... னி..."

வாய்க்குள் எட்டிப் பார்த்தான். நாக்குக்கு அப்பால், தொண்டைக்கு அப்பால், ஈரச் செங்கல் வளையம் வளையமாகக் கீழே போயிற்று. அடியில், வெகு ஆழத்தில், ஒரு ரூபாய்க் காசு அளவு வெளிச்சம் மினுங்கியது. அதில் எட்டிப் பார்க்கும் ஒரு கறுப்புத் தலை. அவன் தலைதான்.

அவன் அசையவில்லை. ஆனால் காசளவு வெளிச்சம் உள்ளங்கையளவானது. உள்ளங்கை தட்டளவானது. தலை பெரிதாகிக்கொண்டே வந்தது.

தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.